உணவும் தொழிலும் ஒருசேர

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சற்று முன்னர் செயலாளர் அவர்கள் இவ்வாண்டு வழங்கப்பட்ட உதவிகளின் பட்டியலை வாசித்தார்கள். இத்தனை குடும்பங்களுக்கு அரிசி, இத்தனை பேருக்குத் தையல் இயந்திரம் என்று அவர்கள் படித்துக்கொண்டு வந்தபோது, என் உள்ளத்தில் பல ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்ச்சி ஒன்று நிழலாடியது. அதைச் சொல்லி என் உரையைத் தொடங்க விரும்புகிறேன்.

நண்பர்கள் சிலர் சேர்ந்து, கணவரை இழந்த ஒரு சகோதரிக்குத் தையல் இயந்திரம் வாங்கிக் கொடுத்தோம். அவருக்கு மூன்று பிள்ளைகள். தையல் ஓரளவு தெரிந்தவர். இனி இக்குடும்பம் தன் காலில் நின்றுவிடும் என்று மனநிறைவோடு திரும்பினோம். எட்டு மாதங்கள் கழித்து அவ்வழியே சென்றபோது வீட்டினுள் எட்டிப் பார்த்தேன். இயந்திரத்தைக் காணவில்லை. மழைக்காலத்தில் தைக்கத் துணி வரவில்லை, கடைக்குட்டிக்குக் காய்ச்சல், இயந்திரம் அடகுக் கடைக்குப் போய்விட்டது. "பிள்ளைங்க பசின்னு அழுதா என்ன செய்யறது காக்கா?" என்று அந்தச் சகோதரி தலை நிமிராமல் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அவருடைய மடியில் இருந்த சிறுவனுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. பார்ப்பதற்கு இரண்டு வயதுக்கும் குறைவான பிள்ளையைப் போல இருந்தான்.

அன்று அந்தச் சகோதரியின் மீது எனக்குச் சற்று வருத்தம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பின்னாளில் இப்பொருள் குறித்துப் படிக்கத் தொடங்கிய பிறகுதான், குறை அவரிடம் இல்லை, நாங்கள் உதவிய முறையில்தான் இருந்தது என்பது விளங்கியது. அவ்வாறு படித்தறிந்த செய்திகளையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

வங்கதேசம் தந்த பாடம்

வறுமை ஒழிப்பில் உலகமே உற்றுநோக்கும் ஒரு முயற்சி நம் அண்டை நாடான வங்கதேசத்தில் பிறந்தது. 1971ஆம் ஆண்டுப் போருக்குப் பின், அகதிகளாகச் சென்று ஊர் திரும்பிய மக்களுக்கு மறுவாழ்வளிப்பதற்காக 1972இல் ஃபஸ்லே ஹசன் ஆபித் என்பவர் பிராக் என்னும் தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். கணக்காய்வுத் துறையில் பயின்றவர். 2019 டிசம்பரில் தம் 83ஆம் வயதில் மறைந்தார்.

அந்நாட்டில் ஆதரவற்ற கிராமப் பெண்களுக்கு உலக உணவுத் திட்டத்தின் துணையோடு மாதம் சுமார் 30 கிலோ கோதுமை வழங்கப்பட்டு வந்தது. கோதுமை வரும்வரை அடுப்பு எரியும். நின்றவுடன் பழைய நிலையே திரும்பும். இதைக் கண்ட பிராக், 1980களின் நடுப்பகுதியில், கோதுமை கிடைக்கும் காலத்திலேயே அப்பெண்களுக்குக் கோழி வளர்ப்புப் பயிற்சியும், சிறுசேமிப்பும், பின்னர் சிறுகடனும் அளிக்கும் ஏற்பாட்டைச் செய்தது. வயிற்றுக்கு உணவு உறுதியாக இருக்கும்போதுதான் ஒருவரால் தொழிலைக் கற்க முடியும் என்பதே இதன் அடிப்படை.

இதனால் பல பெண்கள் முன்னேறினர். ஆயினும் மிக வறியவர்கள் சிலர் இத்திட்டத்தினுள் வரவே இயலவில்லை. வந்தவர்களுள்ளும் சிலர் கோதுமை நின்றபின் மீண்டும் சரிந்தனர். அன்றாடக் கஞ்சிக்கே வழியில்லாதவருக்குக் கடன் என்பது கைகொடுக்கும் உதவியாக அமைவதில்லை. அது இன்னுமொரு சுமையாகிவிடுகிறது. இவர்களுக்கென்றே 2002ஆம் ஆண்டில் புதிய திட்டமொன்று வகுக்கப்பட்டது. ரங்பூர், குரிகிராம், நீல்பாமாரி ஆகிய வடபகுதி மாவட்டங்களில் அது தொடங்கியது. நெல் அறுவடைக்கு முந்தைய மாதங்களில் வேலையும் இன்றி உணவும் இன்றி மக்கள் வாடும் காலத்தை அப்பகுதியினர் 'மொங்கா' என்பர். வரவிருக்கும் அறுவடைக்கான தம் உழைப்பை முன்கூட்டியே குறைந்த கூலிக்கு விற்றுவிட்டு அம்மக்கள் உயிர்பிழைத்து வந்தனர்.

திட்டம் செயல்படும் முறை

முதலாவது, தேர்வு. ஊர் மக்களையே ஓரிடத்தில் கூட்டி, தரையில் ஊரின் படத்தை வரையச் செய்து, எந்த வீடு எந்த நிலையில் உள்ளது என்று அவர்கள் வாயாலேயே வகைப்படுத்தச் சொல்வார்கள். பின்னர் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று சரிபார்ப்பார்கள். சம்பாதிக்கும் ஆண் துணை இல்லாமை, நிலமின்மை, பள்ளி செல்லும் வயதுப் பிள்ளை வேலைக்குப் போவது ஆகியவை அடையாளங்கள். சிபாரிசுக்கு இங்கு இடம் மிகக் குறைவு.

இரண்டாவது, பொருளுதவி. ஒரு பசு, அல்லது ஆடுகள், அல்லது கோழிகள் இலவசமாக வழங்கப்பட்டன. இதனோடு வாரந்தோறும் ஒரு சிறு தொகையும் தரப்பட்டது. இந்தத் தொகையின் காரணத்தை நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும். நாட்டுக்கோழிக் குஞ்சு வளர்ந்து முட்டையிட ஐந்தாறு மாதங்கள் ஆகும். ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். பசுவுக்கு ஒன்பது மாதத்திற்கும் மேல். அதுவரை அக்குடும்பம் எதை உண்ணும்? ஆட்டை விற்று உண்ணும். நாங்கள் கொடுத்த தையல் இயந்திரமும் அவ்வாறே உணவாக மாறியது. வாரத் தொகை என்பது அந்த இடைக்காலத்தைக் கடக்க உதவும் பாலம்.

மூன்றாவது, துணை நிற்றல். சுமார் இரண்டு ஆண்டுகள் வாரந்தோறும் பணியாளர் ஒருவர் வீட்டிற்கே வருகிறார். கால்நடைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா, பிள்ளை பள்ளிக்குச் சென்றதா, இவ்வாரம் சேமிப்பு எவ்வளவு என்று கேட்டறிகிறார். நோயுற்றால் மருத்துவ உதவி உண்டு.

நான்காவது, ஊர்க் குழு. அவ்வூரின் செல்வாக்குள்ள பெரியவர்களைக் கொண்டு ஒரு குழு அமைக்கப்படுகிறது. ஏழைப் பெண்ணின் பசுவை எவரும் பறித்துச் செல்லாமல் காப்பதும், அவளுடைய பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதும், கூரைக்குத் தகரம் ஏற்பாடு செய்வதும் அக்குழுவின் பொறுப்பு. பெரியவர்களே, இக்குழு உங்களுக்கு யாரை நினைவூட்டுகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆய்வுகள் கூறுவது என்ன?

இம்முறை ஆய்வுக்கும் உட்படுத்தப்பட்டது. வங்கதேசத்தில் 1,309 கிராமங்களில் நடந்த ஆய்வு, கூலி வேலையை நம்பியிருந்த பெண்கள் கால்நடை வளர்ப்புக்கு மாறினர் என்றும், அவர்களின் வருவாய் 21 விழுக்காடு உயர்ந்தது என்றும், உதவி நின்ற பின்னரும் முன்னேற்றம் தொடர்ந்தது என்றும் கண்டது. எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் நடைபெற்ற ஆய்வின் முடிவுகள் 2015இல் வெளிவந்தன. உதவி முடிந்து ஓராண்டு கழிந்த பின்னும் குடும்பங்களின் நிலை உயர்ந்தே இருந்தது. மேற்கு வங்க மாநிலம் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் பந்தன் அமைப்பு 2007இல் தொடங்கிய முயற்சியைப் பத்தாண்டுகள் கழித்துச் சென்று பார்த்தபோதும், உதவி பெற்ற குடும்பங்கள் உண்பதிலும், ஈட்டுவதிலும், உடல்நலத்திலும் மற்றவர்களைக் காட்டிலும் மேம்பட்டிருந்தன. 2019இல் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் இவ்வாய்வுகளில் பங்கேற்றவர்கள்.

தோல்விகளையும் மறைக்கலாகாது. ஹோண்டுராஸ் நாட்டில் வழங்கப்பட்ட கோழிகளுள் பல நோயில் மடிந்தன. அங்கு வளர்ச்சி நிலைக்கவில்லை. வங்கதேசத்து விவரங்களை வைத்து 2022இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் உடைமை பெற்ற குடும்பங்கள் தாமே வளர்ந்தன என்றும், அந்த அளவை எட்டாதவை மெல்ல மெல்லப் பழைய நிலைக்கே இறங்கின என்றும் கூறுகிறது. கிணற்றில் விழுந்தவருக்குப் பாதி ஆழம் எட்டும் கயிற்றை வீசுவதால் பயனில்லை அல்லவா?

வருவாய் உயர்ந்தால் பிள்ளை வளருமா?

இங்கு ஒரு முக்கியமான வினா எழுகிறது. வீட்டிற்குப் பணம் வந்துவிட்டால் பிள்ளையின் பசிப்பிணியும் தானே நீங்கிவிடாதா? நானும் அவ்வாறுதான் எண்ணியிருந்தேன்.

2012 முதல் 2014 வரை வங்கதேசத்தில் சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் இணைந்து ஓர் ஆய்வை நடத்தின. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள ஏழைத் தாய்மார்களைப் பல பிரிவுகளாக்கினர். ஒரு பிரிவினருக்கு மாதம் 1,500 டாக்கா ரொக்கம். மற்றொரு பிரிவினருக்கு அதற்கு ஈடாக அரிசி, பருப்பு, எண்ணெய். வடபகுதியில் ஒரு பிரிவினருக்கு ரொக்கத்தோடு ஊட்டச்சத்துப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. வாரந்தோறும் தாய்மார் கூட்டம். வீட்டிற்கே சென்று ஆலோசனை. மாமியாருக்கும் கணவருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் தனியே விளக்கம்.

முடிவு என்ன தெரியுமா? பணம் மட்டும் பெற்ற வீடுகளில், வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் விகிதத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. தானியம் மட்டும் பெற்ற வீடுகளிலும் இல்லை. பணமும் பயிற்சியும் சேர்ந்து பெற்ற வடபகுதி வீடுகளில் அவ்விகிதம் இரண்டே ஆண்டுகளில் 7 விழுக்காட்டுப் புள்ளிகளுக்கும் மேல் குறைந்தது. தென்பகுதியில் தானியத்தோடு பயிற்சி பெற்றவர்களின் உணவு மேம்பட்டது. ஆயினும் உயரத்தில் அதே அளவு பயன் தென்படவில்லை. ஆகவே பயிற்சி மட்டுமே மாமருந்து என்றும் கூறிவிட முடியாது. வாங்கும் வசதியும், எதை வாங்குவது, யாருக்கு ஊட்டுவது என்ற அறிவும் ஒன்று சேர்ந்தபோதே குழந்தை வளர்ந்தது.

இதன் காரணம் நம் வீடுகளிலேயே இருக்கிறது. கோழி இட்ட முட்டை சந்தைக்குப் போகும். மிஞ்சினால் சம்பாதிப்பவர் தட்டுக்குப் போகும். கருவுற்ற மருமகளும் பால்குடி மறந்த பிள்ளையும் கடைசியில்தான். கருவுற்ற நாள் முதல் குழந்தையின் இரண்டாம் பிறந்தநாள் வரையிலான ஆயிரம் நாட்களே உடலும் மூளையும் விரைந்து வளரும் காலம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அதன்பின் தாய்ப்பாலோடு பருப்பு, கீரை, முட்டை, மீன் என்று இணை உணவு. வெறும் கஞ்சித் தண்ணீர் வயிற்றை நிரப்பும், எலும்பை வளர்க்காது. அந்நாட்களில் இழந்த வளர்ச்சியைப் பின்னர் மீட்பது மிகக் கடினம்.

தொழில் உதவியே சில வேளை பிள்ளைக்குத் தீங்காகவும் முடியலாம். எத்தியோப்பியாவில் நடந்த ஓர் ஆய்வில், கோழி வளர்ப்பது குழந்தைகளின் வளர்ச்சிக்கு நன்மை தருவதாகவும், இரவில் கோழிகளை மனிதர் உறங்கும் அறையிலேயே அடைப்பது அந்நன்மையைக் கெடுப்பதாகவும் தெரிந்தது. தவழும் குழந்தை எச்சம் படிந்த தரையில் கைவைத்து வாயில் வைக்கிறது. அதேபோல் தாய் நாள்முழுதும் வேலையில் மூழ்கினால், குழந்தைக்கு வேளைதோறும் ஊட்டுவது யார்? கோழி கொடுப்பவர் கூண்டைப் பற்றியும், வேலை கொடுப்பவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆளைப் பற்றியும் சேர்த்தே சிந்திக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

பெருமக்களே! நம்மிடம் உலக நிறுவனங்களின் நிதி இல்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டின் நிலையும் நமக்குத் தெரியும். வாரந்தோறும் ஒரு வீட்டிற்குச் சென்று வர ஆட்களும் இருக்கிறார்கள். ஆகவே ஒரு கோரிக்கையை முன்வைக்கிறேன். வரும் ஆண்டில் மிக வறிய ஐந்து குடும்பங்களை மட்டும் தேர்ந்தெடுப்போம். முதல் மாதமே மளிகைக்கு உறுதி செய்வோம். அதன்பின் அவரவர்க்கு ஏற்ற தொழில். வருவாய் வரத் தொடங்கும்வரை மளிகையை நிறுத்த வேண்டாம். அவ்வீட்டில் கருவுற்ற பெண்ணோ இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையோ இருந்தால், முட்டையும் பருப்பும் தனியே சேரட்டும். அங்கன்வாடியில் மாதந்தோறும் எடை பார்க்கப்படுகிறதா என்று நம் சகோதரிகள் கேட்டறியட்டும். இரண்டு ஆண்டுகள் அவர்களை விட்டு அகலாதிருப்போம்.

இதனால் அடுத்த ஆண்டறிக்கையின் பட்டியல் சுருங்கிவிடும். ஐம்பது பெயர் இருந்த இடத்தில் ஐந்து பெயரே இருக்கும். தமக்கு இம்முறை கிடைக்கவில்லையே என்று கேட்பவர்களுக்கு நிர்வாகம் விடை சொல்ல வேண்டியிருக்கும். அது எளிதன்று என்பதை நான் அறிவேன். அன்றாட அவசர உதவியை நிறுத்துங்கள் என்றும் நான் கூறவில்லை. ஆனால் ஆண்டுதோறும் அதே பெயர்கள் அதே பட்டியலில் வருவதை நாம் அனைவரும் கண்டுகொண்டுதான் இருக்கிறோம்.

தொடக்கத்தில் சொன்ன சகோதரியின் செய்தியை முடித்துவிடுகிறேன். நண்பர்கள் மீண்டும் பணம் சேர்த்து அந்தத் தையல் இயந்திரத்தை அடகிலிருந்து மீட்டுக் கொடுத்தோம். இம்முறை ஆறு மாதம் மளிகைக்கும் பொறுப்பேற்றோம். அதன்பின் இயந்திரம் அவ்வீட்டை விட்டு வெளியேறவில்லை. அந்தச் சிறுவன் இன்று இளைஞன். நல்ல பிள்ளை, உழைப்பாளி. ஆனால் தன் வயதுப் பிள்ளைகளோடு நிற்கும்போது அவர்களின் தோளுக்குத்தான் வருவான். அவனைக் காணும்போதெல்லாம், அந்த ஆறு மாத மளிகையை முதலிலேயே கொடுத்திருக்கலாமே என்று எண்ணாமல் இருக்க முடிவதில்லை.

இவ்வூரில் இப்போது தவழ்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கேனும் நாம் காலம் தாழ்த்தாதிருப்போம்.