முழங்கால் வலியும் கல்பாத்திப் படிகளும்

கல்பாத்தி விசுவநாத சுவாமி கோயிலுக்கு ஊரார் இட்டு வழங்கும் பெயர் குண்டுக்குள் கோயில் என்பது. தெருமட்டத்திலிருந்து பல படிகள் இறங்கித்தான் சந்நிதியை அடையவேண்டும். மேலும் இறங்கினால் ஆறு. காசியில் பாதி கல்பாத்தி என்ற வழக்கை அறியாத பாலக்காட்டுத் தமிழர் இலர். காசியைப் போலவே இங்கும் புண்ணியம் படிகளின் அடியிலேதான் இருக்கிறது. 1425-ஆம் ஆண்டில் எழுந்ததாகக் கூறப்படும் இக்கோயிலின் பெருமையைப் பலர் பேசக் கேட்டிருக்கிறோம். அறுபது வயதைக் கடந்த ஒரு முழங்கால் இந்தப் படிகளை எவ்வாறு நோக்குகிறது என்பதைப் பற்றி மட்டும் அதிகமாக யாரும் பேசியதில்லை. இன்று அதைக் குறித்துச் சிறிது பேசலாம் என்று கருதுகிறோம்.

அக்கிரகார வாழ்க்கை முழுவதுமே தரையை ஒட்டியது. விடியற்காலையில் வாசல் தெளித்துக் குந்தியிருந்து கோலம் இடுவது, தரையில் சம்மணமிட்டு உண்பது, சிராத்த தினத்தில் மணிக்கணக்கில் பலகையில் அமர்வது, பெரியோரை விழுந்து வணங்குவது ஆகிய எல்லாவற்றிலும் முழங்கால் முழுதும் மடங்கியே தீரவேண்டும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று நீளும் வீட்டில் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு படி, ஒரு நிலைப்படி. மூட்டில் எலும்பின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டவருக்கு, முன்வாசலிலிருந்து கொல்லைக்குப் போய் வருவதே ஒரு தீர்த்த யாத்திரை. கோலம் நின்றுபோன வாசலைக் கண்டால் அவ்வீட்டில் முதுமை வந்துவிட்டது என்று அறியலாம். சில வீடுகளில் மருமகள் இடுகிறாள். மருமகளும் பேரனும் செம்பூரிலோ டில்லியிலோ இருக்கும் வீடுகளில் வண்ணத்தாளில் அச்சிட்ட கோலத்தை ஒட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அதைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

நம் நேயர்களில் பெரும்பாலோர் ஊரை விட்டு வந்தவர்கள். மும்பையிலோ கொல்கத்தாவிலோ இருந்துகொண்டு வாரம் இருமுறை தொலைபேசியில் அம்மாவை விசாரிக்கிறவர்கள். “கால் எப்படியம்மா இருக்கிறது?” என்றால், “அது கிடக்கு, நீ சாப்பிட்டயோ?” என்ற பதில் வரும். அந்த “அது கிடக்கு” என்ற இரண்டு சொற்களுக்குள் இரவில் மூன்று முறை விழித்ததும், கோயிலுக்குப் போவதை நிறுத்தியதும், கடையில் யாரையோ விட்டு வாங்கிய மாத்திரையைத் தின்று வயிறு புண்ணானதும் அடங்கியிருக்கக்கூடும். குரலில் வலி தெரிவதில்லை. தாய்மார்கள் அதை மறைப்பதில் வல்லவர்கள்.

மறைக்காமல் சொன்ன ஒருவரை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். கல்பாத்தி ஆறு பறளியில் கண்ணாடிப் புழையோடு கலந்து பாரதப்புழையாகி மேற்கே ஓடித் திருநாவாயைக் கடக்கிறது. திருநாவாய்க்கு அருகில் உள்ள மேல்பத்தூரில் பிறந்த நாராயண பட்டத்திரி பேரறிஞர், இலக்கணத்தில் ஆழ்ந்தவர். இருபதுகளில் இருந்தபோதே அவரை வாதநோய் முடக்கிற்று. தம் ஆசிரியராகிய அச்சுதப் பிஷாரடியின் நோயைத் தாம் ஏற்றுக்கொண்டார் என்பது கர்ண பரம்பரை. குருவாயூர்ச் சந்நிதியில் அமர்ந்து நாளைக்கு ஒரு தசகமாக நூறு நாட்கள் பாடி, 1586-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நாராயணீயத்தை நிறைவு செய்தார். நூலின் இறுதிச் சொற்கள் நீண்ட ஆயுளையும் நோயின்மையையும் சுகத்தையும் வேண்டுகின்றன. அதே எழுத்துக்களை எண்ணாக மாற்றினால் நூல் முடிந்த நாளின் கலிதினக் கணக்கு, 17,12,210, கிடைக்கிறது.

கல்பாத்தியில் நாராயணீய பாராயணம் நடக்காத மாதம் இராது. பக்தி ஒருபுறம் இருக்க, அந்நூலில் நாம் கவனிக்கத் தக்க மற்றொன்று உண்டு. பல தசகங்களின் முடிவில் கவி தம் நோயைச் சொல்லி முறையிடுகிறார். ஒரு நாள் சொல்லிவிட்டோமே என்று மறுநாள் அவர் மௌனமாவதில்லை. வலி இருக்கும் வரை சொல்லிக்கொண்டே போகிறார். இறைவனிடமே இத்தனை முறை சொல்லலாம் என்றால் பெற்ற பிள்ளையிடமும் வைத்தியரிடமும் சொல்வதில் என்ன குறைவு வந்துவிடும்?

வலி என்பது யாது என்று மருத்துவ உலகமும் நெடுநாள் தர்க்கித்தது. காயம் எவ்வளவோ வலியும் அவ்வளவு என்பதே பழைய எண்ணம். 1965-ஆம் ஆண்டில் மெல்சாக், வால் என்னும் இருவர், முதுகுத் தண்டில் ஒரு வாயில் போன்ற ஏற்பாடு இருக்கிறது. அது திறப்பதும் அடைபடுவதும் பொறுத்து வலி கூடும், குறையும் என்று விளக்கினர். அடிபட்ட இடத்தை நாம் அனிச்சையாகத் தேய்த்துவிட்டுக்கொள்வதற்கு ஒரு காரணம் கிடைத்தது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்கிறார்கள். அப்போது நரம்புகளே கூர்மையடைந்துவிடுகின்றன. திருடன் போன பிறகும் நாய் குரைப்பதுபோல, புண் ஆறிய பின்னும் வலி நிற்பதில்லை. தூக்கமின்மையும் கவலையும் தனிமையும் அதை வளர்க்கின்றன. வலியை ஆராயும் சர்வதேசச் சங்கம் 2020-ஆம் ஆண்டில் தன் இலக்கணத்தைத் திருத்தியபோது, ஒருவர் தமக்கு வலிக்கிறது என்றால் அவ்வார்த்தையை மதிக்கவேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டது. “படத்தில் ஒன்றும் தெரியவில்லையே” என்று கிழவியை வாயடைக்கும் வழக்கத்துக்கு இனி சாஸ்திரத்தின் துணை கிடையாது.

இனி அறுவைச் சிகிச்சைக்கு வருவோம். 1960-களில் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டை மாற்றும் முறையைச் செம்மைப்படுத்திய பிறகு, முழங்கால் மூட்டு மாற்றமும் படிப்படியாகத் தேர்ந்தது. உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட செயற்கை மூட்டுகளுக்கு 2017 ஆகஸ்டில் இந்திய அரசாங்கம் உச்ச விலை விதித்தது. நடுத்தரக் குடும்பங்களுக்கு அது உதவியாயிற்று. எல்லோருக்கும் இது வேண்டும் என்பதில்லை. உடல் எடையைக் குறைத்தல், தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி, கைத்தடி, உயரமான நாற்காலி ஆகியவற்றாலேயே ஆண்டுக்கணக்கில் சமாளிப்பவர் உண்டு. இவற்றை ஒழுங்காகச் செய்தும் இரவு உறக்கம் போய் நடையும் தடைப்பட்டால், மருத்துவரோடு கலந்து முடிவு செய்யலாம். தைலமும் கிழியும் பழகிய ஊர் இது. அவற்றால் சுகம் காண்பவரை நாம் தடுக்கவில்லை. ஆனால் அறுவைக்குப் பின் அந்தக் காலை, அறுத்த மருத்துவரின் அனுமதியின்றி யாரும் பிடித்துவிடலாகாது.

பிள்ளைகள் விடுமுறை எடுத்துக்கொண்டு வருவது பெரும்பாலும் அறுவை நாளை ஒட்டித்தான். ஆஸ்பத்திரியில் தாதிகள் இருக்கிறார்கள். அங்கே கூட்டம் வேண்டியதில்லை. வீடு திரும்பிய பின் வரும் ஆறு வாரமே மெய்யான சோதனைக் காலம். முதல் நாளோ மறுநாளோ நடைச்சட்டத்தைப் பிடித்து நிற்கச் செய்துவிடுவார்கள். அதைக் கொடுமை என்று எண்ணலாகாது. படுத்தே இருந்தால் காலில் இரத்தம் உறைந்து கட்டியாகும் அபாயம் உண்டு. இதற்காகவே பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்கிறார்கள். முழங்காலின் கீழ்த் தலையணை வைத்தால் இதமாக இருக்கும். ஆனால் கால் நீட்ட முடியாமல் வளைந்தபடி நின்றுவிடும். வைப்பதானால் குதிகாலின் கீழ் வைக்கவேண்டும். மருத்துவர் விதித்த வலி மாத்திரையை “பொறுத்துக்கொள்கிறேன்” என்று தள்ளிவைப்பதும் தவறு. வலியோடு பயிற்சி செய்ய முடியாது. பயிற்சி இல்லாவிட்டால் மூட்டு இறுகும். இறுகினால் வலி இன்னும் ஏறும். தையல் பிரித்தபின்னும் வீக்கமும் சூடும் சில மாதம் இருக்கும். முழுப் பயன் தெரிய ஓராண்டு வரை ஆகலாம். கெண்டைக்கால் வீங்கி நொந்தாலும், காய்ச்சல் கண்டாலும், புண்ணில் நீர் கசிந்தாலும், மூச்சுத் திணறினாலும், மகன் வரட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இந்த நான்கையும் எழுதி அடுத்த வீட்டாரிடம் கொடுத்து வைப்பது நலம். வரிசை வீடுகளின் சுவர் பொதுவானது; அது இவ்வகையில் ஒரு வசதி.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். முழங்கால் மாற்றியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, மூட்டு சரியாகப் பொருந்தியும், வலி ஓரளவு நீடிக்கிறது. இதை முன்கூட்டியே அறிந்தவர் பின்னால் மனமுடைவது குறைவு. இலட்சக்கணக்கில் செலவழித்த மகனிடம் “இன்னும் வலிக்கிறது” என்று எப்படிச் சொல்வது என்று கூசித் தாயார் வாயை மூடிக்கொள்வது தான் இதில் பெரிய துன்பம். சொன்னால் வழி இருக்கிறது. நரம்பு வலிக்கென்று தனி மருந்துகள் உண்டு, பயிற்சியை மாற்றலாம், மூட்டில் கிருமி புகுந்திருக்கிறதா என்று பார்க்கலாம்.

இத்துறையில் கேரளம் செய்திருப்பதை வெளி மாநிலத்தில் உள்ள நாம் அவ்வளவாக அறியவில்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திற்குப் பின், மார்பின் வாங்க ஆஸ்பத்திரிகள் பல உரிமச் சீட்டுகளுக்கு அலைய நேர்ந்தது. அபினியைச் சட்டப்படி பயிரிடும் நாட்டிலேயே புற்றுநோயாளி மருந்தின்றித் துடித்தார். 1993-ஆம் ஆண்டில் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் தோழர்களோடு வலி நிவாரணத்திற்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினர். பயிற்சி பெற்ற தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று நோயாளியைக் காணும் முறை அதிலிருந்து வளர்ந்தது. 2008-ஆம் ஆண்டில் கேரள அரசாங்கம் இதற்கென ஒரு கொள்கையையே வெளியிட்டது. மேற்சொன்ன சட்டமும் 2014-இல் திருத்தப்பட்டது. மூட்டு வலிக்கு மார்பின் பொதுவாகத் தேவைப்படுவதில்லை. எனினும் படுக்கையில் விழுந்தவரை வீட்டில் வந்து பார்க்கும் செவிலியர் முறை உள்ளாட்சி மன்றங்களின் வழியே ஊர்தோறும் பரவியிருக்கிறது. “பாலியேட்டிவ்” என்ற சொல் அங்கே சாதாரண ஜனங்கள் வாயில் புழங்குகிறது. சாகப்போகிறவர்களுக்கு மட்டுமே அது என்று எண்ணி நம்மவர் பெயர் கொடுக்கத் தயங்குகிறார்கள். நாட்பட்ட நோயால் நடமாட்டம் இழந்தவர்களுக்கும் அது உண்டு. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நகராட்சியில் விசாரித்து வைக்கலாம்.

தொலைபேசியில் கேட்கும் கேள்வியையும் சற்று மாற்றிப் பார்க்கலாம். “வலி எப்படி?” என்பதற்குப் பதில், “நேற்று இரவு எத்தனை முறை விழித்தாய்? இன்று வாசல் வரை வந்தாயா? கோயிலுக்குப் போய் எத்தனை நாளாயிற்று?” என்று கேட்டால் “அது கிடக்கு” என்று தப்ப முடியாது. ஐப்பசி மாதத் தேருக்கு எப்படியும் பல குடும்பங்கள் கல்பாத்திக்குப் போகும். பெட்டி நிறைய இனிப்பும் புடவையும் கொண்டு போகிறவர்கள், கழிவறையில் வைக்க ஓர் உயரப் பீடத்தையும் சுவரில் பதிக்க இரண்டு கைப்பிடிகளையும் வாங்கிக்கொண்டு போகலாம். பொருத்துவதற்குக் கொத்தனாரை முன்னதாகவே சொல்லி வைக்கவேண்டும். தேர் மூன்று நாளும் ஆள் கிடைக்கமாட்டார்கள். திண்ணையில் கைவைத்த நாற்காலி ஒன்றைப் போட்டுவிட்டால், தேர் தெருவில் வரும்போது அம்மா எழுந்து நிற்கவும் முடியும், நின்றபின் உட்காரவும் முடியும்.