ஊராட்சியில் வானிலை முதல் வகுப்பு

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



கல்லூரிகளில் வானிலையைப் பற்றிய தொடக்கப் பாடம் ஒன்று உண்டு. காற்று மண்டலத்தில் என்னென்ன வாயுக்கள் உள்ளன என்பதில் தொடங்கி, வெப்பம், அழுத்தம், ஈரம், மேகம், மழை, புயல் என்று அது படிப்படியாகச் செல்லும். அதைப் படிக்கும் மாணவருக்கு அது தேர்வில் வெற்றி பெற உதவும். நமக்கோ அதே பாடம் விதை நெல்லைக் காக்கவும், ஆடுமாடுகளைக் காக்கவும், சில வேளைகளில் உயிரையே காக்கவும் உதவும். அப்படியிருக்க, அந்தப் பாடம் கல்லூரி மதிலுக்குள்ளேயே நின்றுவிடுவது முறையாகுமா? அதை ஊராட்சி மன்றக் கட்டடத்துக்குக் கொண்டுவந்து எவ்வாறு நடத்தலாம் என்பதைப் பற்றியே இன்று நாம் பேச விரும்புகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். மழை வருமா, வராதா என்று நாமே கணித்துச் சொல்வதற்காக இந்த வகுப்பு அன்று. அது 1875ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பணி. செயற்கைக்கோளும் ராடாரும் கணிப்பொறியும் கொண்டு அத்துறையினர் அதைச் செய்து வருகின்றனர். அவர்களுடைய அறிவிப்பைச் சரியாகப் புரிந்துகொண்டு, நம் ஊரின் அளவோடு பொருத்திப் பார்த்து, காலத்தில் முடிவெடுப்பதே நம் பணி. அறிவிப்பு இன்று கைபேசிக்கே வந்துவிடுகிறது. ஆயினும் அதன் பொருள் விளங்காவிட்டால், பூட்டிய பெட்டியைக் கையில் வைத்திருப்பதைப் போன்றதே. அதற்குத் திறவுகோல் செய்து கொடுப்பதே வகுப்பின் நோக்கம். நான்கு மாலைப்பொழுதுகள் இதற்குப் போதுமானவை.

முதல் மாலை: காற்றைப் பற்றி

காற்றுக்கு எடை உண்டு என்பதை முதலில் காட்ட வேண்டும். ஒரு கண்ணாடித் தம்ளரில் விளிம்பு வரை நீர் நிரப்பி, அதன் வாயைக் கெட்டியான அட்டையால் மூடி, அட்டையைப் பிடித்தபடியே தம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்து, மெல்லக் கையை எடுத்தால் நீர் கொட்டுவதில்லை. கீழேயிருந்து காற்று அட்டையைத் தாங்கி நிற்கிறது. கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையளவு காற்று அழுத்திக்கொண்டிருக்கிறது.

அடுத்தது, மேலெழும் காற்று குளிரும் என்பது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சுடுவதை யாவரும் அறிவோம். அழுத்தப்படும் காற்று சூடேறும். விரியும் காற்று குளிரும். உயரே செல்லச் செல்ல அழுத்தம் குறைவதால் காற்று விரிந்து குளிர்கிறது. ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைகிறது. கடல் மட்டத்துக்கு மேல் 2,200 மீட்டருக்கும் அதிக உயரத்தில் உள்ள உதகமண்டலம் குளிர்ந்திருப்பதன் காரணம் இதுவே.

மூன்றாவது, குளிர்ந்த காற்று ஈரத்தை விட்டுவிடும் என்பது. குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் வெளிப்புறத்தில் முத்து முத்தாக நீர் கோப்பதைக் காட்டினால் போதும். மேகம் பிறப்பதும் இப்படித்தான்.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், வானொலியில் நாம் நெடுங்காலமாகக் கேட்டுவரும் 'காற்றழுத்தத் தாழ்வு' என்னும் சொல் விளங்கிவிடும். அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கி நாற்புறமிருந்தும் காற்று விரைகிறது. கூடிய காற்று மேலெழுகிறது. எழுந்த காற்று குளிர்ந்து மேகமாகி மழையைப் பெய்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலெழுந்து அப்புறத்தே மழையைக் கொட்டிவிட்டு, இப்புறம் இறங்கும்போது வறண்டு வருவதும் இதே விதிப்படிதான். ஆகவேதான் தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடல் வழியே வரும் வடகிழக்குப் பருவமழையாக அமைகிறது.

நம் முன்னோர் கண்ட குறிகளையும் இங்கே ஒதுக்க வேண்டியதில்லை. நிலவைச் சுற்றிக் கோட்டை கட்டினால் மழை வரும் என்பர். மிக உயரத்திலுள்ள மெல்லிய மேகத்தின் பனித்துகள்கள் நிலவொளியை வளைப்பதால் அவ்வட்டம் தோன்றுகிறது. அத்தகைய மேகம் சில சமயம் மழைமேகத்துக்கு முன்னோடியாக வருவதுண்டு, எப்போதும் அன்று. குறியை மதிப்போம், ஆனால் அதை மட்டுமே நம்பி விதைக்க வேண்டாம்.

இரண்டாம் மாலை: அளவைப் பற்றி

நம் உழவர்கள் மழையை 'ஓர் உழவு மழை', 'இரண்டு உழவு மழை' என்று சொல்வது வழக்கம். அது மிக நல்ல அளவை. மண் எவ்வளவு ஆழம் நனைந்தது என்பதை அது சொல்கிறது. ஆனால் ஒரே மழை மணற்பாங்கான நிலத்தில் ஓர் ஆழமும் களிமண் நிலத்தில் வேறோர் ஆழமும் இறங்கும். வானம் கொடுத்தது எவ்வளவு என்பதை அறிய மில்லிமீட்டர் கணக்கு வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவில்லை. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள, தட்டையான அடிப்பாகம் கொண்ட உருளை வடிவத் தகர டப்பா ஒன்றும் ஓர் அளவுகோலும் போதும். வாய் பெரிதாயினும் சிறிதாயினும், பக்கங்கள் செங்குத்தாக இருந்தால் நீரின் ஆழம் மாறாது. குடம்போல் நடு அகன்றதும் புனல்போல் அடி குறுகியதும் உதவா. அதைத் திறந்த வெளியில், மரத்துக்கும் சுவருக்கும் அவற்றின் உயரத்தைப்போல் இரு மடங்குக்குக் குறையாத தூரத்தில், சாயாமல் நிறுத்த வேண்டும். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு ஆழத்தை அளந்து ஏட்டில் எழுதிவிட்டு, நீரைக் கொட்டிவிட வேண்டும். வானிலைத் துறை நாட்கணக்கை முடிக்கும் நேரமும் அதுவே. ஆகையால் நம் அளவை அவர்களுடைய அளவோடு ஒப்பிடலாம். மழையில்லாத நாளில் சுழி என்று எழுதத் தவறக் கூடாது. வறண்ட நாட்களின் கணக்கே உழவருக்கு அதிகம் வேண்டுவது.

ஒரு சதுர மீட்டரில் பெய்த 1 மில்லிமீட்டர் மழை 1 லிட்டர் நீராகும். ஓர் ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். ஆகவே 25 மில்லிமீட்டர் மழை பெய்தால், ஓர் ஏக்கரில் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் நீர் விழுந்திருக்கிறது! இந்தக் கணக்கைக் கரும்பலகையில் ஒருமுறை போட்டுக் காட்டினால், வரப்பை உயர்த்துவதும் பண்ணைக்குட்டை வெட்டுவதும் ஏரி வரத்துக்காலைத் தூர்வாருவதும் எதற்காக என்று தனியே விளக்க வேண்டியதில்லை.

ஏட்டின் பயன் ஆண்டுகள் செல்லச் செல்லப் பெருகும். இராமநாதபுரம் போன்ற மானாவாரிப் பகுதிகளில் புழுதியிலே நெல்லை விதைத்து மழைக்குக் காத்திருப்பது வழக்கம். சிறு மழையில் விதை முளைத்து, பின்னர் இரண்டு வாரம் வானம் பொய்த்தால் முளை கருகிவிடும். மறு விதைப்புக்குக் கடன் வாங்க நேரிடும். முதல் மழைக்குப் பின் எத்தனை நாள் இடைவெளி விழுவது நம் ஊரின் வழக்கம் என்பதைப் பத்தாண்டு ஏடு ஓரளவு சொல்லும். சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் அமைந்தது 1792ஆம் ஆண்டில். மண்டல வானிலை ஆய்வு மையம் இன்றும் அங்கேதான் இயங்குகிறது. அங்கே தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்ட அளவுகளே இன்றைய மழையைப் பழைய மழையோடு ஒப்பிட உதவுகின்றன. நம் ஊருக்கும் அத்தகைய ஏடு ஒன்று வேண்டாமா?

மூன்றாம் மாலை: அறிவிப்பைப் பற்றி

"மழை என்றார்கள், நம் ஊரில் ஒரு துளியும் விழவில்லையே!" என்னும் குறை எங்கும் கேட்பதுதான். அறிவிப்பின் சொற்களுக்கு வரையறுத்த பொருள் உண்டு என்பதை உணர்ந்தால் இக்குறை பெரிதும் நீங்கும். 'ஓரிரு இடங்களில்' என்றால், அப்பகுதியின் நூறு அளவை நிலையங்களில் 25 வரை மழை பெறலாம் என்பது பொருள். 'சில இடங்களில்' என்றால் 26 முதல் 50 வரை. 'பல இடங்களில்' என்றால் 51 முதல் 75 வரை. 'பெரும்பாலான இடங்களில்' என்றால் அதற்கும் மேல். ஓரிரு இடங்களில் மழை என்ற நாளில், நூற்றில் எழுபத்தைந்து ஊருக்கு மேல் வறண்டிருந்தாலும் அறிவிப்பு பொய்த்ததாகாது.

மழையின் அளவுக்கும் வரையறை உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. நிறங்களிலே பச்சை, அச்சமில்லை என்பதையும், மஞ்சள், கவனித்திருக்க வேண்டும் என்பதையும், ஆரஞ்சு, ஆயத்தமாக வேண்டும் என்பதையும், சிவப்பு, உடனே செயலில் இறங்க வேண்டும் என்பதையும் குறிக்கும்.

வகுப்பில் இவற்றை மனப்பாடம் செய்விப்பதைவிட, ஓர் அறிவிப்பைப் படித்துக் காட்டி, "நாளை நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பதே சிறந்த முறை. கனமழை என்றால் யூரியா மேலுரம் இடுவதை ஒத்திவைப்பதா? மருந்து தெளிப்பதை நிறுத்துவதா? களத்து நெல்லை மூடுவதா? வடிகாலைத் திறப்பதா? விடையை உழவர்களே சொல்லட்டும். பயிரை அவர்கள் அறிவார்கள். வானத்தின் மொழியை மட்டும் நாம் விளக்கினால் போதும்.

நான்காம் மாலை: ஆபத்தைப் பற்றி

1964 டிசம்பர் 22, 23 தேதிகளில் வீசிய புயலில் தனுஷ்கோடி நகரம் அழிந்தது. பயணிகளோடு ஒரு ரயில் வண்டியும் கடலுக்கு இரையாயிற்று. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், டெல்டாப் பகுதியில் பல்லாண்டு வளர்ந்த தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. இன்று புயல் கரையைக் கடப்பதற்கு 72 மணி நேரம் முன்னரே முதல் நிலை எச்சரிக்கை வருகிறது. 48 மணி முன்னர் இரண்டாவது, 24 மணி முன்னர் மூன்றாவது, 12 மணி முன்னர் நான்காவது என்று தொடர்கிறது. எந்த நிலையில் எந்த வேலையை யார் செய்வது என்று ஊராட்சி முன்கூட்டியே எழுதி வைத்திருத்தல் வேண்டும்.

புயலின் கண்ணைப் பற்றி ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். வலுத்த புயலின் நடுப்பகுதி ஊரைக் கடக்கும்போது காற்று சட்டென்று அடங்கும். புயல் ஓய்ந்தது என்று எண்ணி மக்கள் வெளியே வருவர். சிறிது நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று மீண்டும் தாக்கும். உயிர்ச்சேதம் நேர்வதற்கு இந்த அறியாமையும் ஒரு காரணமாகும். அதிகாரபூர்வமான அறிவிப்பு வரும் வரையில் வெளியே வரலாகாது.

புயல் இல்லை என்றால் வெள்ளமும் இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அம்மாவட்டம் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெறும் மழையைவிட இது மிகுதி. அதைக் கொண்டுவந்தது புயல் அன்று. வளிமண்டலத்தில் நிலவிய ஒரு சுழற்சியே.

இறுதியாக இடியும் மின்னலும். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்ற கணக்கில், இடியோசை வந்து சேரும் நேரம் மின்னலின் தூரத்தைச் சொல்லிவிடும். இடி காதில் விழுந்துவிட்டாலே நாம் ஆபத்தின் எல்லைக்குள் இருக்கிறோம். நடவு வயலையும் தனி மரத்தையும் விட்டு உறுதியான கட்டடத்துக்குள் செல்ல வேண்டும். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் வரை திரும்பலாகாது. கூலி குறைந்துவிடுமே என்று நடவுப் பெண்கள் வயலிலேயே நிற்கும் நிலை உண்டு. அந்த அரை மணிக்குக் கூலியைப் பிடிக்க வேண்டாம் என்று நிலமுடையோரை நாம் கேட்டுக்கொள்கிறோம். ஓர் உயிரின் முன் அரை மணிக் கூலி எம்மாத்திரம்?

நடத்தும் முறை

பள்ளி ஆசிரியரும் வேளாண்மை உதவி அலுவலரும் முன்வந்தால் வகுப்புக்கு ஆசிரியர் கிடைத்துவிட்டார். ஆடு மேய்ப்போர், மீனவர், நூறு நாள் வேலைக்குச் செல்லும் பெண்கள் ஆகியோரை முதல் வரிசையில் அமர்த்துங்கள். வானத்தின் கீழ் நெடுநேரம் நிற்பவர்கள் அவர்களே. மழைமானியைப் பள்ளி வளாகத்தில் வைத்து, ஏட்டை மாணவர்களிடம் ஒப்படையுங்கள். விடுமுறை நாட்களுக்கும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபை, வடகிழக்குப் பருவமழையின் வாசலில் கூடுகிறது. அச்சபையில் ஓராண்டு மழைக் கணக்கைப் படித்து, புயல்காலப் பொறுப்புகளையும் பகிர்ந்தளித்தல் நலம்.

மழையை வரவழைக்க நம்மால் இயலாது. புயலைத் தடுக்கவும் இயலாது. வருவதை அறிந்து ஆயத்தமாக இருக்க இயலும். அதற்கு ஒரு தகர டப்பா, ஓர் ஏடு, நான்கு மாலைப்பொழுதுகள் போதும். வரும் பருவமழைக்கு முன் ஒவ்வோர் ஊராட்சியும் இவ்வகுப்பைத் தொடங்கிவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமைகிறோம்.