மூன்று மாதங்கள் தங்கியிருந்த மரியா

(அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழாவையொட்டி வானொலியில் ஆற்றிய உரை)



இந்தப் பெருவிழாவுக்குத் திருஅவை இரண்டு நற்செய்தி வாசகங்களைத் தந்திருக்கிறது. முந்திய நாள் மாலைத் திருப்பலியில் நாம் கேட்பது, லூக்கா நற்செய்தி 11ஆம் பிரிவில் வரும் இரண்டே வசனங்கள். கூட்டத்திலிருந்து ஒரு பெண் உரத்த குரலில், இயேசுவைச் சுமந்த வயிற்றையும் அவருக்குப் பாலூட்டிய மார்பையும் வாழ்த்துகிறார். இயேசுவோ அந்த வாழ்த்தை, இறைவார்த்தையைக் கேட்டு அதன்படி நடக்கும் அனைவருக்கும் உரியதாக்குகிறார். விழா நாளன்று கேட்பது, கருவுற்றிருந்த மரியா, கருவுற்றிருந்த எலிசபெத்தைத் தேடிச் சென்ற நிகழ்ச்சி. மரியா உடலோடும் ஆன்மாவோடும் விண்ணக மாட்சிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்று கொண்டாடும் நாளில், வயிற்றையும் பாலையும் பிள்ளைப்பேற்றையும் பற்றிய வாசகங்களே நமக்குத் தரப்படுகின்றன. கடவுள் மாட்சிப்படுத்திய உடல், பிள்ளையைச் சுமந்த உடல், பாலூட்டிய உடல், பேறுகால வேதனையில் இருக்கும் பெண்ணுக்குத் துணையாக மலை ஏறிய உடல்.

ஆகஸ்ட் மாதத்தின் முதல் ஏழு நாள்களை உலகத் தாய்ப்பால் வாரமாகக் கடைப்பிடிக்கிறார்கள். அந்த வாரம் முடிந்து வரும் இந்தப் பெருவிழாவில், நம் பங்குகளில் பிள்ளை பெற்றிருக்கும் தாய்மாரை நாம் எப்படிக் காக்கிறோம் என்று சிந்திப்பது பொருத்தமானது.

நற்செய்தியைச் சற்று கவனமாகப் பார்ப்போம். எலிசபெத்து வயது முதிர்ந்தவர். இது அவருக்குத் தலைப்பிரசவம். கருவுற்ற பின் ஐந்து மாதம் அவர் வெளியே தலைகாட்டவில்லை என்கிறார் லூக்கா. கணவர் செக்கரியா பேச இயலாமல் இருக்கிறார். ஆறாம் மாதத்தில் வானதூதர் வழியாகச் செய்தி அறிந்த மரியா, நாசரேத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து யூதேய மலைநாட்டுக்குப் போகிறார். வாழ்த்து, குழந்தையின் துள்ளல், மரியாவின் புகழ்ப்பாடல் என்று எல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனால் பாடல் முடிந்தவுடன் லூக்கா ஒரே ஒரு வரி எழுதுகிறார். மரியா ஏறக்குறைய மூன்று மாதங்கள் அங்கே தங்கியிருந்தார் என்பதே அந்த வரி.

ஆறும் மூன்றும் ஒன்பது. கணக்கு நமக்குப் புரிகிறது. அந்த மூன்று மாதங்களில் மரியா என்ன செய்தார் என்று லூக்கா சொல்லவில்லை. நிறைமாதப் பெண் இருக்கும் வீட்டில் என்னென்ன வேலை இருக்கும் என்பது இந்த உரையைக் கேட்கும் தாய்மாருக்குத் தெரியும். தண்ணீர் எடுக்க வேண்டும், மாவு அரைக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும். இரவில் அவளுக்கு உறக்கம் வராதபோது பக்கத்தில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். வாழ்த்துச் சொல்ல ஒரு நாள் போதும். துணை நிற்க மூன்று மாதம் வேண்டியிருந்தது.

நம் வழக்கத்தை இதன் அருகில் வைத்துப் பார்ப்போம். வளைகாப்பை நாம் நன்றாகவே நடத்துகிறோம். வளையல் அடுக்குகிறோம், ஐந்து வகைச் சோறு பொங்குகிறோம், உற்றார் உறவினர் எல்லாம் வந்து கன்னத்தில் சந்தனம் பூசுகிறார்கள். பிறகு திருமுழுக்கு நாளில் மறுபடியும் கூடுகிறோம். இந்த இரண்டு விருந்துகளுக்கும் நடுவே உள்ள நாள்களில்தான் அந்தப் பெண்ணுக்கு ஆள் தேவைப்படுகிறது. அப்போதுதான் வீட்டில் ஆள் இருப்பதில்லை. முன்பு தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு இருந்தது. இன்று திருப்பூரிலும் சென்னையிலும் ஓசூரிலும் வாடகை வீட்டில் கணவனும் மனைவியும் மட்டும் இருக்கிறார்கள். தாய்வீட்டிலும் அம்மா வேலைக்குப் போகிறார். அறுவைச் சிகிச்சைத் தையல் ஆறுவதற்குள் குடம் தூக்கும் தாய்மார் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள்.

அன்புக்குரியவர்களே, பாலூட்டுவது தானாக நடந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்க வேண்டும். ஒரு முறைக்கு அரை மணி நேரம் என்று வைத்தாலும், பத்து முறைக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. இரவும் பகலும் அதில் அடக்கம். விடுதலைப் பயண நூலின் இரண்டாம் பிரிவில், நைல் நதியிலிருந்து மோசேயை எடுத்த பார்வோனின் மகள், குழந்தைக்குப் பாலூட்டும் பெண்ணுக்குத் தான் கூலி தருவதாகச் சொல்கிறாள். அந்தப் பெண் குழந்தையின் சொந்தத் தாய் என்பது அவளுக்குத் தெரியாது. ஆனால் பாலூட்டுவது உழைப்பு என்பது அரண்மனையில் வளர்ந்த அவளுக்குத் தெரிந்திருந்தது. நம் வீட்டில் மருமகள் குழந்தையோடு உட்கார்ந்திருக்கும்போது "சும்மாதானே இருக்கிறாய்" என்று சொல்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்வோம்.

உலக நலவாழ்வு நிறுவனம் சொல்வதை எளிமையாகச் சொல்லிவிடுகிறோம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையைத் தாயின் மார்பில் சேர்க்க வேண்டும். முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டக் கூடாது. நோயை எதிர்க்கும் ஆற்றல் அதில்தான் நிறைந்திருக்கிறது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம். அதன்பின் மற்ற உணவோடு இரண்டு வயது வரையிலும், அதற்கு மேலும் பால் கொடுக்கலாம். சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், நாக்கில் தடவும் தேன் ஆகியவற்றை அன்பினால்தான் கொடுக்கிறோம். ஆனால் அவை பச்சிளம் குழந்தைக்கு நல்லதல்ல. தேன் ஒரு வயது நிறையும் வரை ஆபத்தானது. மருத்துவர் எழுதித் தரும் மருந்துகளை மட்டும் கொடுப்போம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குழந்தை அழுதவுடன், பார்க்க வந்தவர்கள் "பால் பத்தலையோ?" என்று கேட்கிறார்கள். கேட்டவர் காப்பி குடித்துவிட்டுப் போய்விடுவார். கேட்கப்பட்டவளுக்கு அந்தச் சொல் இரவு முழுவதும் நெஞ்சில் நிற்கும். மறுநாள் பால் டப்பா வீட்டுக்கு வந்துவிடும். குழந்தை எவ்வளவு அடிக்கடி சப்புகிறதோ அவ்வளவு பால் சுரக்கும்; புட்டிப்பால் கொடுக்கக் கொடுக்கத் தாயிடம் சுரப்பது குறையும். முதல் வாரம் கடந்த குழந்தை நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் கூடி வந்தால் பால் போதுகிறது என்று பொருள். ஐயம் இருந்தால் கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ கேட்போம். அந்தப் பெண்ணிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "நீ சாப்பிட்டாயா அம்மா? கொஞ்ச நேரம் தூங்குகிறாயா? பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்."

கணவர்களுக்கு எல்கானாவைக் காட்ட விரும்புகிறோம். சாமுவேல் முதல் நூலின் தொடக்கத்தில் அவரைச் சந்திக்கிறோம். ஆண்டுதோறும் குடும்பத்தோடு சீலோவுக்குப் போய்ப் பலி செலுத்துபவர் அவர். கண்ணீரோடு வேண்டிப் பெற்ற சாமுவேல் பால்குடி மறக்கும் வரை தான் வரப்போவதில்லை என்கிறார் மனைவி அன்னா. நேர்ச்சை இருக்கிறதே, ஊர் என்ன சொல்லும் என்று எல்கானா வாதாடவில்லை. அவருக்கு நல்லதென்று தோன்றியபடியே செய்யச் சொல்லிவிட்டு, தாம் பயணம் போகிறார். கோயிலுக்குப் போகாமல் வீட்டில் அமர்ந்து பாலூட்டிய அந்த ஆண்டுகளை விவிலியம் குறையாகச் சொல்லவில்லை. ஞாயிறு திருப்பலிக்கு வர இயலாத பச்சை உடம்புக்காரப் பெண்ணின் மீது திருஅவை பாவம் சுமத்துவதில்லை. வர விரும்பும் பெண்ணைத் தீட்டு என்று சொல்லித் தடுப்பதும் கிறிஸ்தவம் அல்ல. திருமுழுக்குச் சடங்கின் முடிவில் குழந்தையை ஏந்தி நிற்கும் தாய்க்கென்றே தனி ஆசி இருக்கிறது.

குழந்தை பசித்து அழும்போது கோயிலில் எங்கே போவது என்று தவிக்கும் தாய்மாரும் உண்டு. 2015 சனவரியில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்த திருத்தந்தை பிரான்சிஸ், பிள்ளைகள் பசித்தால் தயங்காமல் அங்கேயே பாலூட்டுமாறு தாய்மாரிடம் கூறினார். உரோமையில் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையின் சுவரில், தொடக்கக் காலக் கிறிஸ்தவர்கள் மரியாவைப் பால்குடிக்கும் குழந்தையோடு வரைந்து வைத்திருக்கிறார்கள். இரக்கத்தைக் குறிக்கும் 'ரகமிம்' என்ற எபிரேயச் சொல்லும், கருப்பையைக் குறிக்கும் 'ரெகெம்' என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. கடவுளின் இரக்கத்தைச் சொல்ல இறைவாக்கினர் எசாயா தேடிப் பிடித்த உவமை, பால்குடிக்கும் பிள்ளையை மறக்காத தாய். தம் பணியைப் பற்றிச் சொல்லும்போது திருத்தூதர் பவுலும், பிள்ளைகளைப் பேணி வளர்க்கும் தாயாகவே தம்மைக் காட்டுகிறார். இவ்வளவு உயர்வாகப் பேசும் திருஅவையின் கோயிலில், பாலூட்ட ஒரு நாற்காலியும் மின்விசிறியும் உள்ள மறைவான இடம் இருக்க வேண்டாமா?

அடுத்ததை மெதுவாகச் சொல்கிறோம். பிள்ளை பெற்ற பெண் காரணமில்லாமல் அழுவாள். முதல் இரண்டு வாரங்களில் இது பலருக்கும் வருவது, வந்தவழியே போய்விடும். அதற்கு மேலும் நீடித்தால், உறக்கமும் பசியும் போய்விட்டால், குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால், வாழ்வே வேண்டாம் என்று சொன்னால், அது நோய். கொழுப்பும் அல்ல, பேயும் அல்ல, நம்பிக்கைக் குறைவும் அல்ல. மந்திரிக்கக் கூட்டிப்போகாமல் மருத்துவரிடம் கூட்டிப்போவோம். 104 என்ற எண்ணிலும், 14416 என்ற மனநல உதவி எண்ணிலும் கட்டணமின்றி ஆலோசனை கேட்கலாம். அவளுக்காகச் செபிப்போம், செபித்துவிட்டு வண்டியையும் அமர்த்துவோம்.

முயன்றும் பால் கொடுக்க இயலாத தாய்மார் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். நோயினாலோ மருந்தினாலோ, தத்தெடுத்ததாலோ அப்படி அமைந்திருக்கலாம். உங்கள் தாய்மையில் ஒரு குறையும் இல்லை. பிறந்த பிள்ளையைப் பறிகொடுத்த பின்னும் பால் சுரந்து வேதனைப்பட்ட தாய்மாரும் இருக்கலாம். சிலுவையடியில் நின்ற மரியா உங்கள் பக்கத்தில் நிற்கிறார். உங்களிடம் "அடுத்தது பிறக்கும்" என்று சொல்லாமல் உடனிருக்க நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டும். பெண் குழந்தை பிறந்ததால் பார்க்க வராத வீடுகளும் உண்டு. அங்கே நாம் முதலில் போவோம்.

வேலை தருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2017ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், முதல் இரண்டு பிள்ளைப்பேறுகளுக்கான மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. வேலைக்குத் திரும்பிய தாய்க்குக் குழந்தையின் 15 மாதம் வரை, பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. நம் கத்தோலிக்கப் பள்ளிகளும் மருத்துவமனைகளும் இதை முழுமையாகக் கடைப்பிடிக்க வேண்டும். நம் வீட்டில் பாத்திரம் கழுவ வரும் பெண்ணுக்கு இந்த 26 வாரம் கிடைப்பதில்லை. அவர் பிள்ளை பெற்றால், சம்பளத்தோடு ஓய்வு தருவது நம் கையில் இருக்கிறது. நீதி என்பது அடுப்படியிலும் தொடங்கும்.

இனி நம் அன்பியங்கள். ஒவ்வோர் அன்பியத்திலும் இந்த ஆண்டு எந்தெந்த வீட்டில் பேறுகாலம் என்று நமக்குத் தெரியும். பிள்ளை பிறந்த வீட்டுக்கு நாற்பது நாள் முறைவைத்து ஒருவேளைச் சோறு கொண்டுபோவது பெரிய செலவு அல்ல. நாற்பது வீடுகள் இருந்தால் வீட்டுக்கு ஒரு நாள்தான் வரும். ஒருவர் துணி துவைக்கலாம். ஒருவர் மூத்த பிள்ளையைப் பள்ளியில் விடலாம். ஒருவர் தடுப்பூசி நாளில் உடன் போகலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகைக்குப் பதிவு செய்ய, படித்த இளைஞர் ஒருவர் உதவலாம். பிள்ளை பெற்று வளர்த்த பாட்டிகள் தைரியம் சொல்லலாம். அந்த வீடு எந்த மதத்து வீடு, எந்தச் சாதி வீடு என்று கேட்காமல் போக வேண்டும். ஞானப்பெற்றோரே, தங்க மோதிரத்தோடு உங்கள் கடமை முடிந்துவிடுவதில்லை.

மரியா திரும்பிப் போனபோது எலிசபெத்தின் வீட்டில் எதை விட்டுச் சென்றார் என்று யாருக்கும் தெரியாது. மூன்று மாதம் அவள் தனியாக இல்லை என்பது மட்டும் தெரியும். அடுத்த வாரத்துக்குள் நாம் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவோம்.

மன்றாடுவோம். வாழ்வின் ஊற்றாகிய இறைவா, உம் மகனைச் சுமந்து பாலூட்டிய மரியாவை விண்ணக மாட்சிக்கு உயர்த்தினீர். கருவுற்றிருக்கும் பெண்களையும், பேறுகாலப் படுக்கையில் இருப்போரையும், உறக்கமின்றிப் பாலூட்டும் தாய்மாரையும் காத்தருளும். அவர்கள் வீட்டுக்கு எங்களை அனுப்பியருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.