குளிர்நாட்டில் மல்லிகையும் செவ்வரத்தையும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரை)



கடல் கடந்து வாழும் பழைய மாணவியர் சார்பில் பேச அழைத்தமைக்கு நன்றி. எங்களுக்குள் அடிக்கடி எழும் ஒரு கேள்வியையே இன்று எடுத்துக்கொண்டோம்: பனி கொட்டும் ஊரில் மல்லிகையை எப்படி உயிரோடு வைத்திருப்பது?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இது ஒரு கேள்வியே இல்லை. மதிலோரம் செவ்வரத்தைத் தடியொன்றை ஊன்றினால் தழைத்துவிடும். 1983 யூலையில் எங்களிற் பலர் உடுத்த உடையோடு அந்த வீடுகளை விட்டு வெளியேறினோம். சாமிப் படத்துக்கும் மாதா சுரூபத்துக்கும் பூ வைக்கும் வழக்கம் எங்களோடு வந்தது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் ஒஸ்லோவிலும் சாடியில் பூங்கன்று வளர்க்கத் தொடங்கியது அதனால்தான்.

கண்ணாடிக்குள் வெப்பநாட்டுக் கன்று பிழைக்கும். 1876இல் பிரேசிலிலிருந்து கொண்டுவரப்பட்ட இறப்பர் விதைகள் இலண்டன் கியூ பூங்காவின் கண்ணாடி வீடுகளில் முளைத்த பின்பே இலங்கைக்கு வந்து, கம்பஹா ஹெனரத்கொடையில் நடப்பட்டன.

கொழும்பில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணித்தியாலம். டிசம்பர் பிற்பகுதியில் ரொறன்ரோவில் அது 9 மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. இலண்டனில் 8, ஒஸ்லோவில் 6 கூட இல்லை. வீட்டுக்குள் ஹீற்றர் இருந்தாலும் வெளிச்சம் போதாது. வெளிச்சம் குறைந்தால் கன்று வளர்ச்சியை நிறுத்தும். தண்ணீரும் அதிகம் குடிக்காது. வாடுகிறதே என்று இரங்கித் தினமும் ஊற்றினால் வேர் அழுகிவிடும். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பின்பே தண்ணீர் விடுங்கள். பசளை வேண்டாம்.

இரவு வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்கு இறங்குமுன் சாடியை உள்ளே எடுங்கள்; ரொறன்ரோவில் அது செப்டெம்பர். எடுக்குமுன் இலைகளின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவுங்கள். ஹீற்றரின் வறண்ட காற்றில் சிற்றுண்ணி விரைவாகப் பெருகும். தெற்கு பார்த்த யன்னலே நல்லது. இலை உதிர்ந்தால் பதற வேண்டாம். தடியை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மார்ச்சில் கத்தரியுங்கள், மல்லிகையும் செவ்வரத்தையும் புதுத் தளிரிலேதான் பூக்கும். மே மாதக் கடைசியில் வெளியே வைக்கலாம், முதல் ஒரு கிழமை நிழலில்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். விழாவுக்கு வந்த எங்களுக்குப் பாடசாலை முற்றத்துச் செடியில் ஒரு தடி ஒடித்துப் பெட்டிக்குள் வைக்க ஆசை வரும். வேண்டாம். தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாத கன்றைக் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் விமான நிலையத்திலேயே பறித்துவிடுவார்கள். பூச்சியும் நோயும் பரவாதிருக்கவே அந்தச் சட்டம்.

வாழும் நாட்டிலேயே நாங்கள் ஒருவருக்கொருவர் தடி கொடுப்போம். கோடைகால ஒன்றுகூடலுக்கு வரும்போது ஈரக் கடதாசியில் சுற்றி இரண்டு தடி கொண்டுவாருங்கள். தனியே வாழும் வயதான அக்காமாருக்கு முதலில் கொடுப்போம். செப்டெம்பரில் அவர்களுடைய சாடியைத் தூக்கி உள்ளே வைக்க ஒருவர் போகவேண்டும். மே மாதம் வெளியே வைக்கவும் போகவேண்டும். யார் யாரிடம் போவது என்பதைச் சங்கத்தின் ஒவ்வொரு கிளையும் இப்போதே எழுதி வைக்கட்டும்.