ஸ்கோர் போர்டில் ஏறாத கணக்கு

(மந்தைவெளியில் நடந்த மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கிரிக்கெட்டைப் பத்திப் பேசப் போறேன்னு சொன்னதும் சில தோழர்கள் சிரிச்சாங்க. பஞ்சமி நிலம் இருக்கு, வன்கொடுமை வழக்குகள் தேங்கிக் கிடக்கு, அதையெல்லாம் விட்டுட்டு மட்டையும் பந்துமா என்று கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனா இதுவும் நிலத்தைப் பற்றிய பேச்சுதான். பொது நிலத்தில் யார் ஆடுவது, யார் வேலிக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிப் போடுவது என்கிற பேச்சு.

இங்கே மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறினால் ஐந்தாவது ஸ்டேஷன் சேப்பாக்கம். அந்த மைதானம் அரசாங்கத்தின் நிலம். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்துக்குக் குத்தகைக்கு விடப்பட்ட நிலம். 2024-25 ஆட்டப் பருவத்தில் அங்கே ஆண்கள் அணியும் ஆடியது, பெண்கள் அணியும் ஆடியது. 2024 ஜூன் 28இல் தென்னாப்பிரிக்கப் பெண்களோடு டெஸ்ட். ஷஃபாலி வர்மா 197 பந்தில் 205. ஸ்மிருதி மந்தானா 149. முதல் விக்கெட்டுக்கு இருவரும் சேர்ந்து 292. இந்தியா 6 விக்கெட்டுக்கு 603. பெண்கள் டெஸ்ட் வரலாற்றில் அதுதான் அதுவரை இல்லாத உச்சம். ஸ்நேஹ் ராணா ஒரே இன்னிங்ஸில் 8 விக்கெட். 10 விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி. ஜூலையில் அதே அணியோடு மூன்று டி20. செப்டம்பர் 19இல் வங்கதேசத்தோடு ஆண்கள் டெஸ்ட். மேற்கு மாம்பலத்துப் பையன் அஸ்வின் 113 ரன், பிறகு 6 விக்கெட். 2025 ஜனவரி 25இல் இங்கிலாந்தோடு டி20.

பாருங்க, எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கு. எத்தனை பந்து, எத்தனை வைடு, எந்தக் கையால் போட்டார், எந்தப் பக்கம் அடித்தார், எல்லாம் எழுதி வச்சிருக்காங்க. கிரிக்கெட் மாதிரிக் கணக்கு வைக்கும் விளையாட்டு உலகத்திலேயே கிடையாது. ஒரே ஒரு கணக்கு மட்டும் அந்த ஸ்கோர் போர்டில் ஏறுவதில்லை. இந்தப் பதினோரு பேரும் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவிலிருந்து யாருமே வரவில்லை? அதை எண்ண மறுக்கிறார்கள். இன்றைக்கு நான் பேச வந்தது அது ஒன்றைத்தான்.

கொஞ்சம் வரலாறு பார்ப்போம். லஸ்ஸில், மயிலாப்பூரில், லஸ் ஹவுஸ் என்ற மாளிகையில் வாழ்ந்தவர் புச்சி பாபு நாயுடு. சென்னைக் கிரிக்கெட்டின் தந்தை என்று சொல்வார்கள். இன்றும் அவர் பேரில் போட்டி நடக்குது. சேப்பாக்கத்தில் வெள்ளைக்காரன் பெவிலியனில் உட்கார்ந்து சாப்பிடுவான், இந்திய ஆட்டக்காரர்கள் மரத்தடியில் சாப்பிடணும். அந்த அவமானம் பொறுக்காமல் 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை அவர் தொடங்கினார் என்று சொல்கிறார்கள். நல்லது. அந்தக் கோபத்தை நாம் மதிக்கிறோம். வேறு யாரை விடவும் நமக்கு மரத்தடியின் அருமை தெரியும்.

ஆனால் அதே காலத்தில் பூனாவில் என்ன நடந்தது? பல்வங்கர் பாலு என்ற சமார் சாதி இளைஞர் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மாதம் 4 ரூபாய்க்கு ஆடுகளத்தை உருட்டிக்கொண்டிருந்தார். அங்கே வலைப்பயிற்சியில் துரைமார்களுக்குப் பந்து வீசி வீசி இந்தியாவின் தலைசிறந்த இடக்கைச் சுழல்பந்து வீச்சாளரானார். இந்துக்களின் அணி அவரை எடுத்துக்கொண்டது. எப்படி? மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொடலாம். தேநீர் இடைவேளை வந்தால் அவருக்கு மட்டும் பெவிலியனுக்கு வெளியே, தனி மண் குவளையில். வெள்ளைக்காரன் மரத்தடிக்கு அனுப்பியது அவமானம், பாலுவுக்குத் தனிக்குவளை ஆசாரம்! நம்ம ஊர் டீக்கடை இரட்டைக் குவளையின் கிரிக்கெட் பதிப்பு இது, தோழர்களே.

இன்னொன்று. அந்தப் பந்து எதனால் ஆனது? தோலால். பதனிட்ட தோலை நான்கு துண்டாக வெட்டித் தைக்கிறார்கள். இன்றைக்கும் மீரட்டில் பந்து தைக்கும் வேலையில் பெருமளவு இருப்பது தோல் தொழிலுக்குள்ளேயே தள்ளப்பட்ட ஜாதவ் மக்கள்தான். தோலைத் தொட்ட கை தீட்டு. தோல் பந்து தீட்டில்லை.

1911இல் அகில இந்திய அணி இங்கிலாந்து போனது. தோல்விக்கு மேல் தோல்வி. அந்த அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர் பாலு. அணித் தலைவர் யார்? பாட்டியாலா மகாராஜா. 1936இல் இங்கிலாந்து போன அணிக்குத் தலைவர் விஜயநகரம் மகாராஜ்குமார். மூன்று டெஸ்டில் அவர் எடுத்தது மொத்தம் 33 ரன். பாலு கடைசி வரை இந்துக்கள் அணிக்குக் கேப்டன் ஆக்கப்படவில்லை. அவர் தம்பி விட்டலுக்குத்தான் 1923இல் அது கிடைத்தது. அப்புறம் நம்மகிட்ட வந்து 'தகுதி, திறமை'ன்னு பாடம் எடுக்கிறாங்க! இந்தியக் கிரிக்கெட்டின் முதல் இடஒதுக்கீடு மகாராஜாக்களுக்குத்தான் கொடுக்கப்பட்டது.

பாலுவுக்கும் நம்ம ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1932 செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் பாலு இருக்கிறார், நம்முடைய எம்.சி.ராஜா இருக்கிறார். 1937 தேர்தலில் காங்கிரஸ் அதே பாலுவை பாபாசாகேப் அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது. பாபாசாகேப் வென்றார். சைதாப்பேட்டை எம்.சி.ராஜா விடுதி மாணவர்கள் பலருக்கும் இந்த வரலாறு தெரியும். ஆனால் அதில் ஒரு கிரிக்கெட் வீரர் இருந்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பாடப்புத்தகம் சொல்லாது, நாமதான் சொல்லணும்.

இப்போ தென்னாப்பிரிக்காவுக்கு வருவோம். நிறவெறிக்காக உலகம் அந்த நாட்டைக் கிரிக்கெட்டிலிருந்து இருபது வருஷத்துக்கு மேல் தள்ளி வைத்திருந்தது. 1991 நவம்பர் 10இல் அவர்கள் திரும்பி வந்து ஆடிய முதல் சர்வதேச ஆட்டம் நம்ம நாட்டில், கல்கத்தாவில். நிறவெறியை எதிர்த்த நாடு என்று இந்தியா மார் தட்டிக்கொண்டது. சரி, அதன் பிறகு அந்த நாடு என்ன செய்தது? எண்ணியது. யார் கறுப்பர், யார் மற்ற நிறத்தவர், எத்தனை பேர் அணிக்கு வருகிறார்கள் என்று வெளிப்படையாக எண்ணியது. 2016இல் ஓர் இலக்கு வைத்தார்கள்: ஒரு பருவத்தின் சராசரியில் அணியில் குறைந்தது ஆறு பேர் வெள்ளையரல்லாதவர், அதில் இரண்டு பேராவது கறுப்பு ஆப்பிரிக்கர். தரம் போச்சு, ஆட்டம் போச்சு என்று கத்தினார்கள். கேப்டவுனின் லங்கா என்ற கறுப்பர் குடியிருப்பில் பிறந்த டெம்பா பவுமாவை 'கோட்டா பிளேயர்' என்று கேலி செய்தார்கள். அந்த பவுமா கேப்டனாக நின்று 2025 ஜூனில் லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவை வீழ்த்தி உலக டெஸ்ட் கோப்பையைத் தூக்கினார். அதே ஆண்டு நவம்பரில் இந்தியாவுக்கு வந்து கல்கத்தாவிலும் கவுகாத்தியிலும் இரண்டு டெஸ்டையும் வென்று போனார். கவுகாத்தியில் 408 ரன் வித்தியாசம். ரன் கணக்கில் இந்தியாவுக்கு அதைவிடப் பெரிய தோல்வி கிடையாது. தகுதி பேசியவர்கள் அன்றைக்கு எங்கே போனாங்கன்னு தெரியல.

நிறத்தை எண்ணிய நாடு நம்ம மைதானத்துக்கு வந்து ஆடிவிட்டுப் போகிறது. சாதியை எண்ண மறுக்கும் நாடு கை தட்டுகிறது.

பெண்கள் ஆட்டத்தைத் தனியாகப் பார்க்கணும். ஏன்னா இங்கே கதவுக்கு இரண்டு பூட்டு. சேப்பாக்கத்தில் 2024க்கு முன்னால் பெண்கள் டெஸ்ட் நடந்தது 1976இல், சாந்தா ரங்கசாமி தலைமையில், மேற்கிந்தியத் தீவுகளோடு. இடையில் 48 வருஷம். அன்றைய பெண்கள் சம்பளமில்லாமல் ஆடினார்கள், ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் ஊர் ஊராகப் போனார்கள். ஆண்களின் வாரியத்தோடு பெண்கள் சங்கம் இணைந்ததே 2006இல்தான். 2022 அக்டோபரில் ஆட்டச் சம்பளம் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமம் என்று அறிவித்தார்கள். டெஸ்டுக்கு 15 லட்சம். வரவேற்போம். ஆனால் 2024-25 ஆண்டு ஒப்பந்தத்தைப் பாருங்க. ஆண்களின் உச்சப் பிரிவுக்கு 7 கோடி, பெண்களின் உச்சப் பிரிவுக்கு 50 லட்சம். பதினாலு மடங்கு. 2025 நவம்பர் 2இல் உலகக்கோப்பையை வென்றவர்கள் இந்தப் பெண்கள்தான்.

இந்தச் சென்னையில் தெருவில் பையன்களோடு ஆடி வளர்ந்த ஹேமலதா இந்திய அணி வரைக்கும் போனார். பெண்கள் பலரை இத்தனை காலம் தாங்கிப் பிடித்தது ரயில்வே வேலை. கிளப் அல்ல, அகாடமி அல்ல, அரசாங்க வேலை. பொதுத்துறையை விற்றுத் தீர்த்தால் யார் முதலில் மைதானத்தை விட்டு வெளியேறுவார்கள் என்று யோசிச்சுக்குங்க.

சரி, நம்ம தெருவுக்கு வருவோம். நம்ம பிள்ளைங்களுக்குக் கிரிக்கெட் மேல ஆசையில்லையா? ஞாயிற்றுக்கிழமை காலையில் தி.நகர் சோமசுந்தரம் மைதானத்துக்குப் போங்க. ஒரு மேட்சின் லாங்-ஆன் இன்னொரு மேட்சுக்கு ஸ்லிப்பில் நிற்கிறான். நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம் மணலில் பாருங்க. இந்த மந்தைவெளி விசாலாட்சித் தோட்டத்தை வைத்து 'சென்னை 600028' என்று படமே வந்தது. ஆசைக்குக் குறைவில்லை. ஆனால் டென்னிஸ் பந்துக்கும் தோல் பந்துக்கும் நடுவில் ஒரு சுவர் நிற்கிறது. தோல் பந்து ஆட பேட், பேட், கிளவுஸ், ஹெல்மெட் வேணும். இங்கிலீஷ் வில்லோ மட்டை ஒன்றே பத்தாயிரத்தைத் தாண்டும். அகாடமி கட்டணம் வேணும். மைதானம் உள்ள பள்ளிக்கூடத்தில் படிக்கணும். லீக் கிளப்பில் பேர் பதியணும், அங்கே உள்ளே சேர்க்க ஆள் தெரிஞ்சிருக்கணும். கிளப்புகள் பலவும் பெரிய கம்பெனிகளின் நிழலில் நடப்பவை. சங்கத்தில் ஓட்டுப் போடுவதும் அந்தக் கிளப்புகள்தான். ஒவ்வொரு படியிலும் யாரும் 'நீ என்ன சாதி' என்று கேட்க மாட்டார்கள். கேட்கத் தேவையில்லாதபடி படிகள் கட்டப்பட்டிருக்கின்றன.

சேலம் சின்னப்பம்பட்டியிலிருந்து டென்னிஸ் பந்தில் தொடங்கி 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான நடராஜனைக் காட்டுவார்கள். பெருமைதான். ஒருத்தர் சுவரேறிக் குதித்தார் என்பதற்காகச் சுவரே இல்லை என்று ஆகிவிடுமா?

இதற்கு மேல் இன்னொன்று நடந்தது. சென்னையின் நடுவிலிருந்த நம் ஜனங்களை கூவம் கரை, அடையாறு கரை என்று பிடுங்கி, கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கொண்டுபோய்க் கொட்டினார்கள். வீட்டோடு சேர்த்து மைதானமும் போனது. கண்ணகி நகர் கார்த்திகா 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியாவுக்குக் கபடியில் தங்கம் வாங்கினார். அந்தக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் உலகத் தரத்துக்குப் போக முடியும் என்று நிரூபித்துவிட்டார். கபடிக்கு மண் போதும், பிறகு ஒரு விரிப்பு. கிரிக்கெட்டுக்கு மேலே சொன்ன படிகள் வேணும். அந்தப் படிகளை யார் போட்டுத் தருவது?

2024 செப்டம்பர் 20. சேப்பாக்கத்தில் வங்கதேசத்தோடு இரண்டாம் நாள் ஆட்டம். அதே நாள் தியேட்டரில் 'லப்பர் பந்து' வெளியானது. ஊர் அணியில் சாதிக்காக இடம் மறுக்கப்படும் ஆட்டக்காரனின் கதை. அதே ஜனவரியில் 'ப்ளூ ஸ்டார்' வந்தது. சினிமாவுக்குத் தெரிந்தது சங்கங்களுக்குத் தெரியாதா?

தெரியாதது போல இருக்கச் சட்டமும் இடம் கொடுக்கிறது. இந்தியக் கிரிக்கெட் வாரியம் தமிழ்நாட்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவான ஒரு சங்கம். 2005இல் உச்ச நீதிமன்றம் வாரியம் 'அரசு' அல்ல என்றது. 2018இல் மத்தியத் தகவல் ஆணையம் தகவல் உரிமைச் சட்டம் வாரியத்துக்குப் பொருந்தும் என்றது. வாரியம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. 2025 தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் அரசு பணம் வாங்கும் அமைப்புகளுக்கு மட்டும் தகவல் உரிமை என்று எல்லை போட்டது. பேர் இந்தியா, நிலம் அரசாங்கத்தது, காவலுக்குப் போலீஸ் அரசாங்கத்தது. கேள்வி கேட்டால் மட்டும் தனியார்.

எண்ணச் சொன்னால் ஒரு பயம் வரும். நியாயமான பயம். 2021 ஆகஸ்டில் டோக்கியோவில் பெண்கள் ஹாக்கி அணி அரையிறுதியில் தோற்றதும், வந்தனா கட்டாரியா வீட்டு முன்னால் பட்டாசு வெடித்து, அணியில் தலித்துகள் அதிகமானதால்தான் தோற்றது என்று வசை பாடினார்கள். அதனால்தான் நம் ஆட்டக்காரர்கள் பலர் தங்களை மறைத்துக்கொள்கிறார்கள். தனி ஆளின் சாதியைத் துருவச் சொல்லவில்லை நாம். பெயரில்லாமல், அவரவர் தாமாகச் சொல்லி, மொத்தக் கணக்காக வெளியிடச் சொல்கிறோம். 16 வயதுக்குட்பட்டோர், 19 வயதுக்குட்பட்டோர், பெரியவர், ஆண், பெண் என்று. எந்த மாவட்டம், அரசுப் பள்ளியா தனியார் பள்ளியா, எந்தச் சமூகப் பிரிவு. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் எண்ணப்படும் என்று ஒன்றிய அரசே 2025இல் அறிவித்த பிறகு, கிரிக்கெட் சங்கத்துக்கு மட்டும் என்ன கூச்சம்?

நம்ம கோரிக்கை மூன்று. ஒன்று, அரசு நிலத்தைக் குத்தகைக்குக் கொடுக்கும்போது இந்தக் கணக்கை வருஷா வருஷம் வெளியிடுவதை நிபந்தனையாக்கு. இரண்டு, கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் தோல் பந்து ஆடும் ஆடுகளமும் இலவசப் பயிற்சியும் கொடு. மூன்று, மாநகராட்சி மைதானங்களில் பெண் பிள்ளைகளுக்கென்று நேரம் ஒதுக்கு.

அரசு எண்ணும் வரை நாம காத்திருக்க வேண்டியதில்லை. இங்கே உட்கார்ந்திருக்கிற தோழர்கள் ஆளுக்கொரு மைதானம் எடுத்துக்குங்க. சோமசுந்தரம் ஒருத்தர், பட்டினப்பாக்கம் ஒருத்தர், கண்ணகி நகர் ஒருத்தர். நான்கு ஞாயிற்றுக்கிழமை போங்க. எத்தனை பேர் ஆடுறாங்க, அதில் பெண்கள் எத்தனை, தோல் பந்து பிடிச்சவங்க எத்தனை, லீக் கிளப்பில் பேர் பதிஞ்சவங்க எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதுங்க. அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டோடு வாங்க. அதைக் கையில் வச்சுக்கிட்டு சேப்பாக்கம் வாசலில் போய் நிற்போம்.

ஜெய் பீம்.