பழைய கூலன்ட் கானுக்குப் போகக்கூடாது



கொழுந்து லொறி ஓட்டும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. என்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும். நன்றாக ஆறியபின் அடி அடைப்பைத் திறந்து, பழைய கூலன்டை பேசினில் பிடியுங்கள். சுத்தத் தண்ணீர் நிரப்பி, மேல் குழாய் சூடாகும்வரை என்ஜினை ஓடவிடுங்கள். அப்போதுதான் தண்ணீர் என்ஜினுக்குள்ளும் சுற்றிவரும். ஆறவிட்டு இறக்குங்கள். தெளிந்த தண்ணீர் வரும்வரை இப்படியே செய்யுங்கள்.

பழையதைக் கானில் ஊற்றாதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கோல் இனிக்கும் நஞ்சு. கான் போய்ச் சேரும் ஓடையில்தான் என் வகுப்புப் பிள்ளைகள் குளிக்கிறார்கள். சோடாப் போத்தலிலும் வைக்காதீர்கள். மூடியுள்ள கேனில் அடைத்து, ‘நஞ்சு’ என்று எழுதி, நிர்வாகத்திடம் ஒப்படையுங்கள். லொறி அவர்களுடையது, கழிவும் அவர்கள் பொறுப்பு. கேனும் கையுறையும் கேட்டு வாங்குவோம். கேட்பவர் தனியாக நிற்கமாட்டார். சங்கம் கூட நிற்கும்.