ஆறு அடி தள்ளி நில்லுங்கள்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பழைய கதையெல்லாம் வேண்டாம்ப்பா, பசங்களுக்கு உபயோகமா ஏதாவது பேசு" என்று செயலாளர் அண்ணன் கேட்டுக்கொண்டார். ஆகவே ஒரு சின்னக் கணக்கோடு வந்திருக்கிறேன். வேலை செய்யும் இடத்தில் எல்லா ஊழியர்களையும் ஒரே மாதிரி படம் எடுக்க வேண்டும். அதற்கு எந்த லென்ஸ் வாங்குவது?

"இதுக்குப் போய் ஒரு பேச்சா?" என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. இருக்கட்டும். நம் எல்லோர் வீட்டிலும் வாக்காளர் அட்டை இருக்கிறது. டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது, 1993இல், புகைப்பட அடையாள அட்டைக்கு ஆணை பிறந்தது. தென்னார்க்காட்டிலிருந்து நம் விழுப்புரம் மாவட்டம் பிரிந்ததும் அதே ஆண்டுதான். அந்த அட்டையில் இருக்கும் தன் முகத்தைப் பார்த்து, "இது நானா?" என்று கேட்காதவர் நம்மில் எத்தனை பேர்? அவசரமாக, கிட்டே நின்று, கிடைத்த வெளிச்சத்தில் எடுத்தால் எந்த முகமும் அப்படித்தான் வரும்.

நான் வேலை பார்க்கும் நிறுவனத்துக்குத் திண்டிவனம் பக்கத்தில் தொழிற்கூடம், விழுப்புரத்தில் அலுவலகம். அடையாள அட்டைக்கும் வரவேற்பறைச் சுவருக்குமாக நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் படம் எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மேலாளர் முதல் வாட்ச்மேன் வரை எல்லாப் படமும் ஒரே அளவில், ஒரே தோற்றத்தில் இருக்க வேண்டும். தொழிற்கூடத்தில் முப்பது அடி நீளக் கூடம் இருக்கிறது. விழுப்புரம் அலுவலக அறையோ பன்னிரண்டு அடிதான். கணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். "இந்த லென்ஸ் மூக்கைப் பெரிசாக் காட்டும், அந்த லென்ஸ் காட்டாது" என்று பலரும் சொல்வார்கள். மூக்கைப் பெரிதாக்குவது லென்ஸ் இல்லை, நாம் நிற்கும் தூரம். மூக்கு நுனி, காதைவிட ஏறக்குறைய 4 அங்குலம் முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 அங்குலத்தில், அதாவது இரண்டடியில், நின்று எடுத்தால் காது 28 அங்குலத்தில் இருக்கும். காதோடு ஒப்பிட, மூக்கு சுமார் 17 சதவீதம் பெரிதாக விழும். அதே ஆளை 72 அங்குலத்திலிருந்து எடுத்தால் வித்தியாசம் 5 அல்லது 6 சதவீதம்தான். எதிரே உட்கார்ந்து பேசும்போது பார்க்கிற முகம் அது. ஆக, முதலில் தூரத்தை முடிவு செய்ய வேண்டும். அந்தத் தூரத்திலிருந்து வேண்டிய அளவு சட்டத்தில் நிறைய எந்தக் குவியத்தொலைவு வேண்டும் என்பது அடுத்த கேள்வி.

எங்களிடம் இருந்தது சிறிய சென்சார் கேமரா. சென்சாரின் நீளப் பக்கம் 23.5 மி.மீ. கேமராவை நிமிர்த்திப் பிடித்து, தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு இடுப்பு வரை எடுக்க, சட்டத்தில் சுமார் 85 செ.மீ. உயரம் அடங்க வேண்டும். பள்ளியில் படித்த வடிவொத்த முக்கோணம்தான். உயரத்தைக் குவியத்தொலைவால் பெருக்கி, 23.5ஆல் வகுத்தால் தூரம் கிடைக்கும்.

ஸ்டுடியோக்காரர்கள் விரும்பும் 85 மி.மீ. லென்ஸ் போட்டால் பத்தடி தள்ளி நிற்க வேண்டும். ஆளின் நிழல் சுவரில் விழாமலிருக்கப் பின்னால் மூன்றடி, படம் எடுப்பவர் நிற்க இரண்டடி, மொத்தம் பதினைந்து அடி. விழுப்புரம் அறையில் சுவரை இடித்தால்தான் நடக்கும். 35 மி.மீ. போட்டால் ஏறக்குறைய நான்கடிக்கு நெருங்கிவிடுவோம். எதிரில் இருப்பவருக்கே கூச்சமாகிவிடும். 50 மி.மீ. போட்டால் ஆறடி. மூன்றும் இரண்டும் சேர்த்துப் பதினோரு அடி. பன்னிரண்டு அடி அறையில் அடங்கிவிட்டது. முப்பது அடிக் கூடத்தில் 85 போடலாமே என்றால், இரண்டு இடத்துப் படமும் ஒரே மாதிரி இருக்காது. எனவே இரண்டு ஊருக்கும் அதே 50, அதே ஆறடி. தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு. 36 மி.மீ. சென்சார் உள்ள பெரிய கேமரா வைத்திருப்பவர்களுக்கு இதே வேலையை 75 முதல் 85 மி.மீ. வரையுள்ள லென்ஸ் செய்யும்.

அடுத்தது துவாரம். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், பெரும்பாலான கம்பெனிகளில் விலை குறைந்த லென்ஸ்களில் ஒன்று. ஆனால் 1.8 இருக்கிறதே என்று முழுக்கத் திறந்து வைத்தால், ஆறடியில் தெளிவாக விழும் ஆழம் 9 செ.மீ. அளவுதான். கண் தெளிந்தால் காது மங்கும். எஃப் 4 வைத்தால் அந்த ஆழம் 20 செ.மீ. ஆகிறது, முகம் முழுக்கத் தெளிகிறது. கேமராவோடு வரும் 18-55 ஜூம் லென்ஸ் கையில் இருந்தால், 50இல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் எஃப் 5.6இல் எடுங்கள். புது லென்ஸ் வாங்கவே வேண்டாம். குழல் விளக்கு அறையில் மட்டும் ஒரு எச்சரிக்கை. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. பழைய சோக் விளக்கு நொடிக்கு 100 முறை மின்னும். அங்கே 1/100 அல்லது 1/50 நொடி வையுங்கள். அதைவிட வேகம் வைத்தால் ஒரு படம் வெளிச்சம், ஒரு படம் இருட்டு என்று வரும்.

நல்ல லென்ஸ் என்பது எளிதில் வந்ததல்ல. 1839இல் டாகேர் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, உட்கார்ந்தவர் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. 1840இல் வியன்னாவில் கணிதப் பேராசிரியர் ஜோசப் பெட்ஸ்வால், முகம் எடுப்பதற்கென்றே எஃப் 3.6 அளவில் ஒரு லென்ஸைக் கணக்குப் போட்டு வடிவமைத்தார். முன்பிருந்ததைவிடப் பலமடங்கு வெளிச்சம் அதில் வந்தது. மனித முகத்துக்காகக் கணக்குப் போட்ட ஆசிரியர் அவர்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். எங்கள் இடத்தில் ஒரு வாட்ச்மேன் அண்ணன் திடீரென்று காலமானார். காரியத்துக்கு முந்தின நாள் அவர் மகன் வந்து, "சார், அப்பா போட்டோ ஏதாவது இருக்குங்களா? மாலை போட வீட்ல ஒண்ணுமே இல்ல" என்றான். கோப்பில் இருந்தது ஒன்றே ஒன்று. யாரோ எப்போதோ கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, இரண்டடியில் செல்போனில் எடுத்தது. பெரிதாக்கினால் மூக்கும் நெற்றியும்தான் தெரிந்தன. அதே கோப்பில் அதிகாரிகளுக்கெல்லாம் ஸ்டுடியோ படம் இருந்தது. அந்தப் பையன் ஒன்றும் சொல்லவில்லை, வாங்கிக்கொண்டு போனான். பொறுப்பு என்னிடம் வந்தது அதற்குப் பிறகுதான். நம் ஊரில் பலருக்கு, வாழ்நாளில் தனியாக உட்காரவைத்து எடுக்கும் படம் வேலை செய்யும் இடத்தில் எடுப்பது ஒன்றுதான். நாளைக்கு அந்த வீட்டுச் சுவரில் தொங்கப்போவதும் அதுவாக இருக்கலாம்.

ஆகவே தம்பி தங்கைகளே, கேமரா இல்லையே என்று யோசிக்காதீர்கள். செல்போனிலேயே ஆறடி தள்ளி நின்று எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். 12 மெகாபிக்சல் படத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரம் போதும். அதிலேயே 1300 புள்ளிக்குக் குறையாது, அடையாள அட்டைக்கு அது தாராளம். நாளை நீங்கள் எந்த நிறுவனத்தில் பொறுப்புக்கு வந்தாலும், மேலாளருக்கு எந்த லென்ஸோ, எந்த ஸ்டூலோ, எந்த வெளிச்சமோ, பெருக்குகிற அம்மாவுக்கும் அதே வையுங்கள். ஆளுக்கு ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். உட்கார்ந்தவர் மூச்சு விட்டு, தோளைத் தளர்த்தி, "சரி, எடுங்க சார்" என்று சொன்ன பிறகு பொத்தானை அழுத்துங்கள்.